ட்ரிப்பர் தெரிவு: பற்றரியிலிருந்து மேல்நோக்கி

ஓகஸ்ட் விடுமுறைக்குப் புதுக்குடியிருப்புக்கு வந்துபோகும் வெளிநாட்டு உறவுகளின் கையில் சில வருடங்களாக ஒரு சாமான் தட்டுப்படுகிறது. உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, அதன் தலையில் பெருவிரல் தடிப்பில் ஓர் உலோக உருளை. உருளையின் வாய்க்குள் சின்னப் போத்தலிலிருந்து நாலைந்து சொட்டு விட்டு, பொத்தானை அமத்தி இழுத்தால் முற்றம் நிறைய வெண்புகை, கூடவே மாம்பழ வாசம். பெடியள் சுற்றி நின்று பார்ப்பார்கள். திரும்பிப் போகும்போது அந்தச் சாமானை மச்சானுக்கோ மருமகனுக்கோ கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதற்குப் பிறகுதான் கேள்வி தொடங்கும்: இதில் எது நல்லது, அடுத்த முறை எதைக் கொண்டுவரச் சொல்லலாம்?

விடையாகக் கிடைப்பவை பெரும்பாலும் பெயர்கள். டெட் ரபிட் நல்லது, வாஸ்ப் நானோ மலிவு, கூன் என்றால் தனி மதிப்பு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பெயர்களில் பிழையில்லை. ஆனால் இந்த உருளையைத் தெரிவு செய்வதென்றால் கீழிருந்து, பற்றரியிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் கட்சி. மேலே மின்னும் மூடியைக் கடைசியாகப் பார்த்தால் போதும். வன்னியில் இருந்துகொண்டு தெரிவு செய்கிறவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஏன் என்பதைச் சொல்ல, முதலில் உருளையைத் திறந்தாக வேண்டும்.

சீன மருந்தாளர் ஹொன் லிக் 2003ஆம் ஆண்டளவில் உருவாக்கிய மின்சிகரெட்டுத்தான் இன்றைய வகைகளுக்கெல்லாம் முன்னோடி. கடையில் விற்கும் பெரும்பாலான கருவிகளில் திரவத் தாங்கியும் சூடாகும் கொயிலும் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு வரும். கருகினால் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கவேண்டியதுதான். ஆர்.டி.ஏ. என்றும் ட்ரிப்பர் என்றும் சொல்லப்படுவதில் தாங்கியே கிடையாது. ஒரு தட்டு, அதில் கம்பியைப் பிடிக்கும் தூண்கள், கம்பியில் நாமே சுற்றிய கொயில், கொயிலுக்குள் நாமே நுழைத்த பஞ்சு, எல்லாவற்றையும் மூடும் தொப்பி. பஞ்சு காயக் காயச் சொட்டு விடவேண்டும். இந்தக் கரைச்சலை ஏன் ஒருவர் விரும்பி ஏற்கிறார்? சுவை நேராக வரும், புகை பெருகும், கருகிய பஞ்சை மாற்ற ஐந்து நிமிடம் போதும், கொயிலுக்கென்று மாதாமாதம் காசு போகாது. கையால் எதையாவது பிரித்துப் பூட்டும் ஆசையும் இதில் பெரும் பங்கு. பழைய வானொலியைக் கழற்றிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது விளங்கும்.

தட்டில்தான் வகைகள் பிரிகின்றன. ஆரம்ப காலத்து மூன்று தூண் தட்டுகளில் நடுத் தூணின் ஒரே துளைக்குள் இரண்டு கொயில்களின் கால்களையும் சேர்த்து நுழைக்கவேண்டும். ஒன்றை முறுக்கும்போது மற்றது நழுவும். வெலோசிட்டி என்ற மாதிரி வந்தபோது இரண்டு தூண், தூணுக்கு இரண்டு துளை, ஒவ்வொரு காலுக்கும் தனித் திருகாணி என்று வேலை இலகுவாயிற்று. பிறகு வந்த பல தட்டுகள் அதன் பிள்ளைகளே. கூன் போன்றவற்றில் துளைக்குப் பதிலாகக் கம்பியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கவ்விகள். தடித்த, பின்னிய கம்பிகளுக்கு அது வசதி. ட்ரொப் வகையில் தூணே இல்லை. தட்டிலுள்ள நாலு துளைகளுக்குள் கால்களை முன்கூட்டியே அளந்து வெட்டி இறக்கவேண்டும். ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் திருகாணிக்குப் பிடி கிடைக்காது, கூடினால் கொயில் உயரத்தில் நிற்கும். பழகினவருக்கு அழகான வேலை, புதியவருக்குத் தலையிடி. வொட்டோஃபோவின் ப்ரொஃபைல் இன்னொரு வழியில் போனது: சுற்றிய கம்பிக்குப் பதில் மெல்லிய வலைத்தகடு, அதன் கீழ் பஞ்சை மேல்நோக்கித் தள்ளிப் பிடிக்கும் பீங்கான் கட்டை. பரப்பு கூடுவதால் சூடு சமனாகப் பரவும். ஆனால் வலைத்தகடு தீர்ந்தால் அதே அளவில் இன்னொன்று வேண்டும். கம்பிச் சுருள் ஒன்று வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை வருடக்கணக்கில் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நம் பக்கத்துக்கு வலைத்தகட்டு வகை சரிவராது என்பேன்.

காற்றுத்துளை எங்கே இருக்கிறது என்பது அடுத்தது. கொயிலின் கீழிருந்து காற்று வந்தால் சுவை கூடும், கொஞ்சம் கூடுதலாகச் சொட்டு விட்டால் அதே துளையால் திரவம் ஒழுகிப் பெட்டிக்குள் இறங்கும். பக்கத் துளை நடுத்தரம். டெட் ரபிட் போன்றவற்றில் காற்று மேற்பக்கத்தில் நுழைந்து சரிவாகக் கொயிலை நோக்கி இறங்குகிறது. சட்டைப் பையில் சாய்ந்தாலும் இலகுவில் ஒழுகாது. ஏ-35 வீதியில் மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிகிறவருக்கு மேல்துளையே நல்லது. விட்டம் 22 மில்லிமீற்றரா 24ஆ என்பதைப் பெட்டியின் தலை அகலம் தீர்மானிக்கும். வாய்முனையில் ஒடுங்கியது 510, அகன்றது 810. இவற்றில் மண்டையைப் போட்டு உடைக்க ஒன்றுமில்லை. சொட்டு விட அலுத்தவர்களுக்காக, பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் போத்தலை அமத்தித் திரவத்தைக் கீழிருந்து ஏற்றும் ஸ்கொங்க் முறை உண்டு. அதற்கு நடுவில் துளையுள்ள ஊசி வேண்டும் என்பதை வாங்குமுன் கேட்டு வைத்தால் சரி.

இனிக் கம்பி. கான்தால் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலப்புலோகம். மின் அடுப்புகளின் கொயிலிலும் இதன் இனம்தான். நிக்ரோம் 80 நிக்கலும் குரோமியமும் சேர்ந்தது, விரைவாகச் சூடேறும். 316எல் துருவேறா உருக்கு மூன்றாவது. 0.4 மில்லிமீற்றர் தடிப்புள்ள கான்தால் கம்பியை 3 மில்லிமீற்றர் கோலில் ஆறு சுற்றுச் சுற்றினால், கால்களையும் சேர்த்து ஏறக்குறைய 0.85 ஓம் வரும். அதே அளவில் நிக்ரோம் என்றால் 0.64 அளவு, உருக்கு என்றால் 0.44 அளவு. அந்தக் கான்தால் கொயில்களில் இரண்டை ஒரே தட்டில் பக்கம் பக்கமாகப் பூட்டினால் தடை பாதியாகி 0.42க்கு வந்துவிடும். பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் ஓமின் விதியைப் படித்துவிட்டு மறந்தவர்களுக்கு அது இங்கே திரும்பத் தேவைப்படுகிறது. நிறையச் சார்ஜ் ஏறிய ஒரு லித்தியம் பற்றரி 4.2 வோல்ற்று. அதை 0.85ஆல் வகுத்தால் 5 அம்பியர், 0.42ஆல் வகுத்தால் 10 அம்பியர். புகைமேகப் போட்டிக்காரர் விரும்பும் 0.2ஆல் வகுத்தால் 21 அம்பியர், வலு 88 வாற்று. பெயர் பெற்ற சம்சுங் 25ஆர் பற்றரிக்கே தொடர்ச்சியாகக் கொடுக்கக்கூடிய உச்சம் 20 அம்பியர்தான். ஒரு தட்டில் ஒரு கொயிலா, இரண்டா என்ற தெரிவு சுவையைப் பற்றியது போலத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் அது பற்றரியைப் பற்றியது.

பஞ்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை, ஊருக்கென்றே சொல்லவேண்டியது. கொயிலுக்குள் நுழைக்கவேண்டியது பருத்திப் பஞ்சு, மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமான வகை என்றாலும் பரவாயில்லை. தலையணைக்கு வைத்திருக்கும் இலவம் பஞ்சைப் பிய்த்து நுழைக்கக்கூடாது. இலவ நார் மெழுகுப் பூச்சுள்ளது. எண்ணெயை உறிஞ்சும், தண்ணீரைத் தள்ளும். மின்சிகரெட்டுத் திரவம் கிளிசரினும் புரொபிலீன் கிளைக்கோலும் கலந்தது; இரண்டும் தண்ணீரோடு சேரும் இனம். இலவம் அதை ஏற்காது, காய்ந்தபடி நிற்கும், தீயும் இலகுவில் பற்றும். பருத்தியையும் அளவாக வைக்கவேண்டும்: இறுக்கினால் திரவம் ஏறாது, தளர்த்தினால் சூடுபட்ட இடம் வெறுமையாகக் கருகும். இழுக்கும்போது கொயிலோடு சேர்ந்து சிறிதே அசையும் அளவுதான் பதம். இதை ஒருவர் கையைப் பார்த்துப் பழகலாம், எழுத்தில் இதற்கு மேல் சொல்ல முடியாது.

பற்றரிக்கு வருவோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் கொண்டுவரக் கூடாத பொருட்களில் சாதாரண ரோச் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்ட தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. இப்போது நிலைமை தலைகீழ். புதுக்குடியிருப்புச் சந்தியில் எந்தக் கடையிலும் சார்ஜ் ஏற்றும் சீன ரோச்சுகள் தொங்குகின்றன. யானைக்கும் பன்றிக்கும் வயல் காக்கிறவர்கள், இரவில் கடலுக்குப் போகிறவர்கள், எல்லோரிடமும் ஒன்று. பலவற்றுக்குள்ளே இருப்பது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட 18650 பற்றரி. பெரும்பாலான ட்ரிப்பர் பெட்டிகளுக்குள் போவதும் அதே அளவு. அங்கேதான் ஆபத்து. உறையில் 9900 மில்லி அம்பியர் மணி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பற்றரிகளைப் பார்த்திருப்பீர்கள். உண்மையான 18650 ஒன்று 4000ஐத் தாண்டுவதே அரிது. நல்ல உயர்மின்னோட்டப் பற்றரிகள் 2500, 3000 என்றுதான் நிற்கும். ரோச்சின் சிறு குமிழுக்கு ஓரிரு அம்பியர் கொடுக்கச் செய்த பற்றரியிடம் 20 அம்பியர் கேட்டால் அது கொதிக்கும், வாயுவை வெளியே விடும், வழி கிடைக்காவிட்டால் வெடிக்கும்.

பெட்டியிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்றுக்குள் கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. தடையை அளந்து திரையில் காட்டும், குறுக்கு இணைப்பு என்றால் சுடவே மறுக்கும், பற்றரி இறங்கினால் தானே நிறுத்தும். மெக்கானிக்கல் மொட் எனப்படும் மற்றது ஓர் உலோகக் குழாயும் ஒரு பொத்தானும் மட்டும். பற்றரிக்கும் கொயிலுக்கும் இடையில் எந்தக் காவலும் கிடையாது. இதிலும் சில குழாய்களில் ட்ரிப்பரின் நடு ஊசியே பற்றரியின் நேர்முனையைத் தொடும். அந்த ஊசி போதிய அளவு வெளியே நீட்டாத ட்ரிப்பரை அதில் முறுக்கினால், வெளித் திருகு விளிம்பு பற்றரியில் பட்டு முழுக் குறுக்கு இணைப்பு ஆகிவிடும். 2018 மே மாதம் புளோரிடாவிலும் 2019 ஜனவரியில் டெக்சாஸிலும் இருவர் மின்சிகரெட் வெடித்து இறந்தார்கள். புளோரிடாவில் வெடித்தது மெக்கானிக்கல் வகை. பழைய ட்ரிப்பரோடு இத்தகைய குழாயையும் சேர்த்துத் தருகிற உறவினரிடம், ட்ரிப்பரை மட்டும் வாங்கிக்கொண்டு குழாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கு ட்ரிப்பர் பெட்டிகள் வரும்போது நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். பெட்டி சுடவில்லை, பற்றரி சரி. மூடியைக் கழற்றினால், வெட்டாமல் விட்ட கம்பிக் காலொன்று அரை மில்லிமீற்றர் துருத்திக்கொண்டு மூடியின் உட்சுவரைத் தொட்ட தடம் கறுப்பாகத் தெரியும். குறட்டால் அதை நறுக்கினால் வேலை முடிந்தது. வந்தவர், திருத்துபவர் இருவருமே அடுத்துச் செய்வது மல்ரிமீற்றரால் தடை பார்ப்பது. அங்கே ஒரு பொறி: சாதாரண மல்ரிமீற்றரின் இரண்டு வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வருகிற எண்ணைக் கழிக்காவிட்டால் 0.2 ஓம் கொயில் 0.4 என்று தோன்றும். பத்து அம்பியர் என்று நினைத்து இருபது அம்பியர் இழுப்போம். சில்லுள்ள பெட்டி இதைத் தானே திருத்தமாக அளப்பதால்தான் அதை விடாமல் பிடித்துச் சொல்கிறேன்.

பிரதிகளையும் இங்கேயே பேசிவிடலாம். பெயர் பெற்ற ஒவ்வொரு ட்ரிப்பருக்கும் சீனத்தில் அச்சொட்டான நகல் உண்டு, கைமாறி வருபவற்றில் கணிசமானவை நகல்களாகவே இருக்கும். நகல் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. திருகாணித் தலை இரண்டாம் முறையிலேயே தேய்கிறதா, நடு ஊசியைச் சுற்றியுள்ள காப்பு வளையம் சூட்டில் இளகுகிறதா, மூடியின் ரப்பர் வளையம் பிடிக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். மேலதிகத் திருகாணியும் ரப்பர் வளையமும் வராத பெட்டியை வாங்கினால், இங்கே ஒரு திருகாணி தொலைந்த அன்றோடு அது காகிதப் பாரமாகிவிடும்.

உடம்புக்கு என்ன என்ற கேள்வி பெரிது. அதில் ட்ரிப்பரை மற்ற மின்சிகரெட்டுகளோடு ஒன்றாகப் போட்டுக் குழப்புவதே வழமை. 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த பிரித்தானிய ஆய்வில் 886 பேர். ஒரு வருடத்தின் பின் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் மின்சிகரெட் பிரிவில் நூற்றுக்கு 18 பேர், நிக்கொட்டின் ஒட்டுப்பட்டி, சுவிங்கம் போன்ற மாற்றுகளின் பிரிவில் 9.9 பேர். நல்ல செய்திதான், ஆனால் விட்டவர்களில் எண்பது வீதமானோர் அப்போதும் மின்சிகரெட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. அங்கே கொடுக்கப்பட்டது திரவம் நிரப்பும் சாதாரணத் தொடக்கக் கருவி, ட்ரிப்பர் அல்ல. ட்ரிப்பரை நேரே சோதித்தவர்கள் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். 2016இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடைவெளி நீள நீளக் கொயிலின் வெப்பமும் வெளிவரும் போர்மல்டிஹைட்டும் ஏறின. தாங்கி இல்லாத கருவியில் பஞ்சு காய்வது எப்போது என்பதை மனிதன்தான் கவனிக்கவேண்டும். கதையில் மூழ்கினால் தவறிவிடும். அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலப் பாடசாலை மாணவரிடையே நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், மின்சிகரெட் இழுத்துப் பார்த்தவர்களில் நாலில் ஒருவர் சொட்டு விட்டும் இழுத்திருந்தார். பெரும்பாலானோர் சொன்ன காரணம் தடித்த புகை.

2019, 2020இல் அமெரிக்காவில் 2807 பேரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து 68 உயிர்களைக் கொண்டுபோன நுரையீரல் நோயைச் சிலர் எல்லா மின்சிகரெட் மீதும் சுமத்துகிறார்கள். அதில் முதன்மைக் காரணமாக அடையாளம் காணப்பட்டது கஞ்சாச் சாறு கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட விற்றமின் ஈ அசற்றேற்று. அதற்காகச் சாதாரணத் திரவம் பால் என்றாகிவிடாது. பேரில்லாத போத்தலில், என்ன கலந்தது என்று எழுதாமல் வரும் திரவத்தை யாரும் சுவாசப்பைக்குள் இழுக்கக்கூடாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சட்டம் இந்தத் தெரிவின் மேல் கூரைபோல் நிற்கிறது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைதான் பொறுப்பு. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்பது அந்தச் சட்டம். 2016இல் வந்த ஒழுங்குவிதிகள் மெல்லும் புகையிலை வகைகள், வாசமூட்டிய சிகரெட் ஆகியவற்றோடு புகையிலை அடங்கிய மின்சிகரெட்டையும் தடைசெய்தன. ஒருகாலத்தில் திருவிதாங்கூர்வரை புகையிலை அனுப்பிய வடக்குக்கு, வெற்றிலையோடு ஒரு நறுக்குப் புகையிலை என்பது வாழ்க்கையின் பகுதி. அந்த விதி கிழவிகளின் கொட்டப்பெட்டியை மாற்றவில்லை, மின்சிகரெட்டையும் கொழும்பிலிருந்து விரட்டவில்லை. ஆனால் சட்டப்படி கேட்டு வாங்கக்கூடிய கடை இல்லாததால், போலிப் பற்றரிக்கும் பேரில்லாத திரவத்துக்கும் பொறுப்புச் சொல்ல யாரும் இல்லை. இந்தியாவில் தமிழ்நாடு 2018இலேயே தடுத்தது. 2019ஆம் ஆண்டின் மத்திய சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் நிறுத்தியது. சிங்கப்பூரில் 2018 பெப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். அவ்வழியாக இறங்கி ஏறிக் கட்டுநாயக்கா வருகிறவர்கள் இதை விளையாட்டாக எடுக்கக்கூடாது. கனடாவில் விற்பனை உண்டு, நிக்கொட்டின் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது 2021 முதல் விதி. பிரித்தானியாவிலும் அதே உச்சவரம்பு. அங்கே 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் கருவிகள் நிறுத்தப்பட்டுவிட்டன. திரும்பத் திரும்பப் பாவிக்கும் கருவிகளை நோக்கி மக்கள் திரும்ப, மருமக்கள் வழியாக ட்ரிப்பரும் இங்கே கூடுதலாக வரும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே யாருக்கு எது? நாளுக்குப் பத்து கோல்ட் லீஃப் பிடிப்பவர் அதை விடுவதற்கு வழி தேடுகிறார் என்றால், ட்ரிப்பர் அவருக்கான சாமானே அல்ல. கையில் எண்ணெய்ப் பிசுக்கும் நிமிடத்துக்கொரு சொட்டும் கம்பி சுற்றும் வேலையுமாக ஒரு கிழமையில் அலுத்து, பெட்டிக்கடைக்கே திரும்புவார். மருத்துவரிடம் போகட்டும். புகைக்காத பெடியன் புகைமேகத்துக்காகக் கேட்டால், நிக்கொட்டினுக்குப் புதிதாக ஒருவரைச் சேர்க்கும் வேலையில் நான் இல்லை என்று நேரே சொல்வேன். மிஞ்சுவது ஏற்கெனவே ட்ரிப்பர் பாவிக்கும் ஆள், கழற்றிப் பூட்டுவதில் பிரியமுள்ளவர். அவருக்கு என் தெரிவு: சில்லுள்ள பெட்டி, வெளிநாட்டிலேயே நம்பிக்கையான கடையில் வாங்கி, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, கைப்பையில் கொண்டுவந்த இரண்டு பற்றரி (விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டிக்குள் அவற்றை வைக்க விடமாட்டார்கள்), 22 மில்லிமீற்றரில் ஒற்றைக் கொயில் ட்ரிப்பர், மேல்துளை அல்லது உயர்ந்த பக்கத்துளை, துளையும் திருகாணியும் கொண்ட இரண்டு தூண், ஒரு சுருள் கான்தால், 0.8 ஓமைச் சுற்றி ஒரு கொயில். இந்தக் கூட்டில் மின்னோட்டம் 5 அம்பியரைச் சுற்றியே நிற்கும், பற்றரி கொஞ்சம் கிழடானாலும் தாங்கும். மூடி கறுப்பா, பித்தளையா, முயல் படம் போட்டதா என்பது அவரவர் விருப்பம்.